சாயாத இருக்கை

சென்னையிலிருந்து டெல்லி போகும் மாலை விமானத்தில் ஏறுகிறவர்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும்; நாட்டில் யாருக்குப் பின்னால் யார் என்ற கணக்கு புரிந்துவிடும். உள்நாட்டு விமானங்களில் முதல் வகுப்பு என்று தனியே பெரும்பாலும் கிடையாது. பிசினஸ் கிளாஸ்தான் நமக்கு முதல் வகுப்பு. விமானத்தின் மூக்கை ஒட்டி, பக்கத்துக்கு இரண்டிரண்டாக எட்டு இருக்கைகள். அந்த எட்டுப் பேருக்கும் மற்ற நூற்றைம்பது சொச்சம் பேருக்கும் நடுவில் ஒரு திரை. பணம் கொடுத்தால் யாரும் திரைக்கு முன்னால் உட்காரலாம் என்றுதான் டிக்கெட் விற்கிறார்கள்.

கேட்டில் இரண்டு வரிசைகளுக்குப் பட்டை கட்டியிருந்தார்கள். முன்னுரிமை வரிசையில் முதலில் வந்து நின்றவர் வாரம் தவறாமல் பறக்கிற கம்பெனி அதிகாரி. பெட்டியின் கைப்பிடியில் தங்க நிற அட்டை தொங்கியது. டிக்கெட் கம்பெனி காசு. கவுன்டருக்குப் போய்க் குனிந்து, "ஏதாவது இருக்கா?" என்றார். எகானமி டிக்கெட்டோடு முன்னால் போய் உட்கார வழி உண்டா என்று அர்த்தம். "பார்க்கறேன் சார்" என்று சிரித்தாள் கவுன்டர் பெண். இரண்டு பேருக்கும் பழகிய பேச்சு.

சுவரோரமாக ஒரு தம்பதி. ஊழியர் குடும்பத்துச் சலுகை டிக்கெட்காரர்கள் என்று அவர்கள் நின்ற விதமே சொன்னது. இடம் மிஞ்சினால்தான் அவர்களுக்கு இருக்கை. கணவர் சட்டையை டக் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கவுன்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். இந்த வகையினர் எந்த விமான நிலையத்திலும் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு தாயும் மகனும். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். சக்கர நாற்காலியில் வந்தார். நூல் புடவை, மடியில் துணிப்பை, வலது முழங்காலில் பட்டை. மகனுக்கு ஐம்பது வயதுக்குள். வெள்ளைச் சட்டைப் பையில் பேனா. போனில் யாரிடமோ பெட்ஷீட் பேலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியதில் கரூர்ப் பக்கம் என்று தெரிந்தது. கையில் இரண்டு போர்டிங் பாஸ். அதை எடுத்துப் படித்து, பையில் வைத்து, மறுபடி எடுத்துப் படித்தார். சொந்தக் காசில் முன்வரிசை டிக்கெட் வாங்கியவர்கள் இப்படித்தான் படிப்பார்கள்.

முக்கியஸ்தருக்கு முன்னால் அவருடைய கைப்பெட்டி வரும். கைப்பெட்டிக்கு முன்னால் உதவியாளர் வருவார். உதவியாளருக்கு முன்னால் ஒரு போன் வந்திருக்கும். அந்த போன் வந்த கணத்தை நான் பார்த்தேன். கவுன்டர் பெண் ரிசீவரைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றாள். "எஸ் சார், எஸ் சார், ஃபுல் சார்" என்றாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுத் திரையில் எட்டுப் பெயர்களையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். தங்க அட்டைக்காரர் ஒருவர் ஏற்கெனவே முறையாக டிக்கெட் எடுத்து அந்த எட்டில் இருந்திருக்கலாம். நீதிபதி இருந்திருக்கலாம். விரல் கரூர்க்காரரின் பெயரில் வந்து நின்றது.

"சார், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். 2சி சீட் சாயலை. டெக்னிக்கல் இஷ்யூ. உங்களுக்கு மட்டும் அஞ்சாவது ரோல ஐல் சீட் போட்டுத் தர்றேன். அம்மா அதே 2ஏலயே உட்காரட்டும்."

"சாயலைன்னாப் பரவாயில்லீங்க. நான் நேரா உக்காந்தே வந்துக்கறனுங்க."

அந்தப் பெண் இதை எதிர்பார்க்கவில்லை. "இல்ல சார், ரிப்பேரான சீட்ல பேசஞ்சரை உட்கார வைக்கக் கூடாது."

"அப்ப அதுல வேற ஆரையும் உக்கார வெக்க மாட்டீங்கல்லங்க?"

அவள் பதில் சொல்லவில்லை. வயது இருபத்தைந்து இருக்கும். பொய் அவளுடையது அல்ல, அதைச் சொல்லும் வேலை மட்டும் அவளுடையது. கோட்டுப் போட்ட மேலாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். இரண்டே முக்கால் மணி நேரம்தானே என்றார். வித்தியாசப் பணம் ரீஃபண்ட் ஆகிவிடும் என்றார். லவுஞ்சில் காபி சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். போர்டிங் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது.

"பணத்துக்கு இல்லீங்க சார். அம்மாளுக்கு முட்டி ஆபரேசன் பண்ணியிருக்குதுங்க. எந்திரிக்கறப்பப் புடிச்சுக்க ஆள் வேணும். அதுக்குத்தானுங்க ரெண்டு சீட்டு வாங்கினது."

"கேபின் க்ரூ பார்த்துப்பாங்க சார்."

"ஏங்கண்ணு, என்னாச்சு?" என்று நாற்காலியிலிருந்து அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கம்மா."

புதிதாக அச்சடித்த சீட்டை வாங்கிக்கொண்டார். பழையதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் கொடுக்கவில்லை. நாலாக மடித்துப் பேனாவுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். வியாபாரி, பில்லைக் கைவிட மாட்டார்.

இது நம் ஊர்ப் பழக்கம், பணிவும் பயமும் கலந்த கீழைநாட்டு வியாதி என்று நினைக்கிறவர்களுக்கு 2017 ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த செய்தியைச் சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவுகளில் லிஹூவே என்ற ஊரிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம். ஒரு பயணி ஏறத்தாழ 1,000 டாலர் முழுக் கட்டணம் கொடுத்து முதல் வகுப்பு வாங்கி, ஏறி, உட்கார்ந்தும்விட்டார். அதன் பிறகு ஊழியர் ஒருவர் வந்து எழுந்திருக்கச் சொன்னார். வரவேண்டிய விமானத்துக்குப் பதில் வேறு விமானம் வந்திருக்கிறது, முதல் வகுப்பில் இடம் குறைந்துவிட்டது, உங்களைவிட முன்னுரிமை உள்ளவர் ஒருவருக்கு இந்த இடம் வேண்டும். அவர் மறுத்தபோது கைவிலங்கு போட்டு இறக்குவோம் என்று மிரட்டப்பட்டதாகச் சொன்னார். கடைசியில் எகானமியில் நடு இருக்கை கொடுத்தார்கள். இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் மனைவி. இருவரும் சண்டை போட்டுக்கொண்டு, அடுத்தடுத்து உட்கார மாட்டோம் என்று அவரை நடுவில் வைத்துக்கொண்டார்கள். பின்னால் கிடைத்தது கட்டண வித்தியாசமும், அதே நிறுவனத்தில் மறுபடி பறக்க 500 டாலர் கழிவும். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தவரைக் கையைப் பிடித்து எழுப்பினால் நம் ஊரில் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். அங்கே கூப்பன் கொடுக்கிறார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று ஹூஸ்டனில் இன்னொன்று. வாஷிங்டன் போகும் யுனைடெட் விமானத்தில் 1ஏ இருக்கையைத் தன் பயண மைல்களைச் செலவழித்து வாங்கியிருந்த பெண்ணின் சீட்டு, வாசலில் செல்லாது என்றாகிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் அந்த இருக்கையில் டெக்சஸ் காங்கிரஸ் உறுப்பினர் ஷீலா ஜாக்சன் லீ. பயணியே கைபேசிச் செயலி வழியாக டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார் என்றது நிறுவனம். நான் ரத்து செய்யவே இல்லை என்றார் பயணி. தான் எதையும் சிறப்பாகக் கேட்கவில்லை, அந்தப் பயணி அப்படி நடந்துகொண்டது தான் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் என்பதால் என்று தோன்றுகிறது என்றார் உறுப்பினர். இதிலும் 500 டாலர் கூப்பன்.

ஜாக்சன் லீ சொன்னதில் ஒரு பகுதியை நான் நம்பத் தயார். அவர் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2015 ஜூனில் லே நகரிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா விமானத்தில் மத்திய இணையமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்கு இடம் கொடுப்பதற்காகக் குழந்தையோடு ஒரு குடும்பத்து மூன்று பேரை இறக்கினார்கள். யாரையோ இறக்கித்தான் எனக்கு இடம் வந்தது என்று தெரியாது என்று அமைச்சர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். விமானப் போக்குவரத்து அமைச்சரும் கேட்டார். அது முதல் வகுப்பு விவகாரம் இல்லை, ஆனாலும் வழக்கம் ஒன்றுதான். மேலே இருப்பவர் வாய் திறக்குமுன் கீழே இருப்பவர் ஊகித்து, இன்னொருவர் இருக்கையை எடுத்துத் தட்டில் வைத்து நீட்டிவிடுகிறார். விசாரணை என்று வந்தால் கேட்டவர் என்று யாரும் அகப்படுவதில்லை.

இதில் அரசியல்வாதியை மட்டும் பிடித்துக்கொள்வது சுலபம். உண்மையில் விமான நிறுவனங்கள் தினமும் நடத்தும் பாரபட்சத்தில் அரசியல்வாதியின் பங்கு சொற்பம். 1981ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, அடிக்கடி பறப்பவருக்கு முன்னால் இடம் கொடுப்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் முதல் வகுப்புக்குப் பணம் கொடுத்து உட்கார்ந்தவர்கள் வெகுகாலம் சிறுபான்மையினர். மிச்சம் எல்லாம் அட்டைக்காரர்களும் ஊழியர்களும். அங்கே கேட்டின் மேலே ஒரு திரையில் அந்த வரிசைப் பட்டியலே ஓடும். குடும்பப் பெயரின் முதல் சில எழுத்துகள், பக்கத்தில் இவர் எத்தனையாவது என்ற எண். ஒரு பெயர் மேலே ஏறினால் முகம் மலர்வதும், புதிதாக ஒருவர் இடையில் நுழைந்தால் நாலு பேர் தலையைத் திருப்பித் தேடுவதும் நல்ல வேடிக்கை.

காலியான இருக்கையை யாருக்குக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அமைச்சருக்குக் கொடுக்கட்டும், அட்டைக்காரருக்குக் கொடுக்கட்டும், சுவரோரம் நின்ற அந்த ஷூ பாலிஷ் தம்பதிக்குக் கொடுத்தால் மனதாரச் சந்தோஷப்படுவேன். விற்ற இருக்கை வேறு விஷயம். காசை வாங்கிப் பெட்டியில் போட்ட பிறகு அது நிறுவனத்தின் கையிருப்பில் இல்லை. விமானம் மாறுவது, இருக்கை நிஜமாகவே உடைவது எல்லாம் நடக்கும். அப்போது எட்டுப் பேரில் யாரை எழுப்புவது என்ற கேள்வி வருகிறதே, அதில்தான் குணம் தெரிகிறது. இனி எத்தனை முறை வருவார், கோபம் வந்தால் யாருக்குப் போன் செய்வார் என்று பார்த்து, இரண்டுக்கும் வழியில்லாதவரை எழுப்புகிறார்கள். ஆயுளில் ஒருமுறை ஆசைப்பட்டு முழு விலை கொடுத்தவர்தான் எப்போதும் அகப்படுகிறார்.

விமானத்தில் என் இருக்கை ஐந்தாவது வரிசை, கரூர்க்காரருக்கு நடைபாதையின் எதிர்ப்பக்கம். அவர் டெல்லியில் இருக்கும் தங்கைக்கு போன் போட்டார். "கெளம்பியாச்சு புள்ள. அம்மா முன்னாடி நல்லா உக்காந்திருக்குது." தன் இருக்கையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

எல்லாரும் ஏறிய பிறகு முக்கியஸ்தர் வந்தார். கரைவேட்டி. கரையின் நிறத்தைச் சொல்ல மாட்டேன், எல்லா நிறத்துக்கும் பொருந்தும். பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார். பணிப்பெண்ணுக்குக் கும்பிடு போட்டார். 2சியில் உட்கார்ந்து பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்து, "அம்மா எந்த ஊருங்க?" என்றார்.

"கரூருங்க. இது எம்பையன் சீட்டுங்க."

கதவு மூடாத நேரம். இயந்திர ஓசை இல்லை. சுற்றியிருந்த எல்லாருக்கும் கேட்டது. கரூர்க்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"அப்படிங்களா" என்றார் முக்கியஸ்தர். பணிப்பெண்ணைப் பார்த்தார். பணிப்பெண் குளிர்ந்த துண்டு நீட்டினாள். வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தார்.

விமானம் மேலே ஏறியதும் திரையை இழுத்தார்கள். சாப்பாட்டுத் தட்டோடு பணிப்பெண் போகும்போதெல்லாம் திரை ஒரு சாண் விலகும். மூன்றாவது முறை விலகியபோது பார்த்தேன். 2சி நன்றாகச் சாய்ந்திருந்தது. முக்கியஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தார். கரூர்க்காரரும் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து அம்மா எழுந்திருக்க முயல்வது தெரிந்து அவர் எழுந்து திரைப் பக்கம் போனார். அந்தப் பக்கத்துக் கழிவறை பிசினஸ் பயணிகளுக்கு மட்டும் சார் என்று பணிப்பெண் மிக மரியாதையாகச் சொன்னாள். "எனக்கில்லீங்க, அம்மாளுக்குங்க" என்றார். யோசித்து, உள்ளே விட்டாள். அம்மாவைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், வாசலில் காத்து நின்று, திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார். இறங்குவதற்குள் இன்னொரு முறையும் போக வேண்டி வந்தது. முக்கியஸ்தரின் நீட்டிய காலைத் தாண்டி அம்மாவை வெளியே எடுப்பதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டது.

வாங்கிய வகுப்பு கிடைக்காதபோது பலம் உள்ளவர் எப்படி நடப்பார் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2017 மார்ச் 23 அன்று பிசினஸ் டிக்கெட்டோடு புனேயிலிருந்து டெல்லி போன சிவசேனா எம்.பி. ரவீந்திர கெய்க்வாட், அந்த விமானத்தில் எகானமி மட்டுமே இருந்ததால் டெல்லியில் இறங்க மறுத்து, ஏர் இந்தியா அதிகாரியைச் செருப்பால் அடித்தார். அடித்ததைத் தொலைக்காட்சியில் பெருமையாகவும் சொன்னார். நிறுவனங்கள் அவரை ஏற்ற மறுத்தன. அமைச்சருக்கு வருத்தக் கடிதம் எழுதிய பிறகு ஏப்ரல் 7 அன்று தடை நீங்கியது. அந்தச் செப்டம்பரில்தான் ரகளை செய்கிறவர்களுக்கான பறக்கத் தடைப் பட்டியல் விதிகள் வந்தன. அவர் புகாரில் நியாயம் இருந்தது என்பதை அந்தச் செருப்பு மறக்கடித்துவிட்டது.

அதற்கு நேர் எதிரே ஒரு பயணியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2014 டிசம்பர் 5, நியூயார்க். கொரியன் ஏர் முதல் வகுப்பில் மக்கடேமியாக் கொட்டையைத் தட்டில் வைக்காமல் பொட்டலமாகக் கொடுத்ததற்காக நிறுவனத் தலைவரின் மகளும் துணைத் தலைவருமான சோ ஹியுன்-ஆ கூச்சலிட்டு, ஓடுபாதை நோக்கி நகர்ந்த விமானத்தைத் திருப்பச் செய்து, தலைமைப் பணியாளரை இறக்கிவிட்டார். உலகமே சிரித்த கதை. வழக்கு, தண்டனை எல்லாம் நடந்தது. அன்று அந்த முதல் வகுப்பில் காசு கொடுத்து வந்த இன்னொரு பயணியும் இருந்தார். முதலாளி வீட்டுப் பெண்ணின் கூச்சலை முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தவர். புகார் செய்தபோது நிறுவனம் அவருக்கு அனுப்புவதாகச் சொன்ன பரிகாரம் ஒரு பொம்மை விமானமும் நாட்காட்டியும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், அமெரிக்காவில் விமானத்தில் ஏற்றாமல் விட்டால் நஷ்டஈடு உண்டு. கீழ் வகுப்பில் தள்ளினால் வித்தியாசக் கட்டணம் மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ம் ஆண்டு விதி, தூரத்தைப் பொறுத்து டிக்கெட் விலையில் 30, 50, 75 சதவீதம் திருப்பித் தரச் சொல்கிறது. நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2022 டிசம்பரில் இன்னும் தாராளமாக, முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துக் கீழ் வகுப்பில் இலவசமாக ஏற்றிச் செல்ல வேண்டும் என்று வரைவு வெளியிட்டது. இறுதி விதியில் அது சுருங்கிவிட்டது. யார் பேசிச் சுருக்கினார்களோ! ஆனாலும் 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருப்பது மோசமில்லை. உள்நாட்டு விமானத்தில் உங்கள் சம்மதம் இல்லாமல் கீழ் வகுப்புக்கு மாற்றினால் வரியோடு சேர்த்து டிக்கெட் விலையில் 75 சதவீதம். வெளிநாட்டுப் பயணத்தில் 1,500 கிலோமீட்டர் வரை 30, 3,500 வரை 50, அதற்கு மேல் 75 சதவீதம்.

மேலாளர் சொன்ன "வித்தியாசப் பணம்" இதைவிடக் குறைவாக இருக்கலாம். அதையும் அவர் ஒரு சலுகையாகத்தான் சொன்னார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களை எழுப்பினால் செருப்பைக் கழற்ற வேண்டாம், கூப்பனுக்குத் தலையாட்டவும் வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். விருப்பப்பட்டு மாறினேன் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஒரு சொல்லில் 75 சதவீதம் போய்விடும். பழைய போர்டிங் பாஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். நிறுவனம் மசியாவிட்டால் அமைச்சகத்தின் ஏர்சேவா செயலியில் புகாரைப் பதியுங்கள், அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். பணம் தானாக வந்து சேரும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.